1966 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள்: ஸ்பிரிங்கைத் தொடும் முன்

என் ஃபோர்டு மஸ்டாங் காரில் நான் முதலில் கைவைத்தது ஸ்பிரிங்கில் அல்ல, பாடியில். கூரை இல்லாத வண்டி முறுக்கிக்கொள்ளும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவை மூடிப் பாருங்கள். உரசுகிறதா? அப்படியென்றால் முதலில் அடியிலுள்ள துருவைச் சரிசெய்யுங்கள். பிறகு முன், பின் சப்ஃப்ரேம்களை (அடியிலுள்ள சட்டங்களை) இணைக்கும் கனெக்டரை வெல்டிங் செய்யுங்கள். வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

அப்புறம் முன் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவியைப் போட்டு மட்டுமே கழற்றுங்கள்; நழுவினால் உயிருக்கே ஆபத்து. மேல் கன்ட்ரோல் ஆர்மை (சக்கரத்தை பாடியோடு இணைக்கும் கையை) மாட்ட, பழைய துளைகளுக்கு 1 அங்குலம் கீழே புதுத் துளை போடுங்கள். மஸ்டாங்கின் பந்தய வகையான 1965 ஷெல்பி ஜிடி350-இல் செய்தது இதுதான். வளைவில் டயர் நன்றாகப் பிடிக்கும்.

ரப்பர் புஷ் (மூட்டுகளிலுள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே முழுதாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். கடைசியில் வீல் அலைன்மென்ட்.