கொழும்புக் கடற்கரையில் பறக்கும் ஆலாக்களைப் படம் எடுப்பது எப்படி?

ஆலா போன்ற கடற்பறவை பறக்கும் படம் சரிவராவிட்டால் பலரும் முதலில் லென்ஸை மாற்றத்தான் யோசிக்கிறார்கள். முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

நமக்குக் கடல் மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். மாலையில் காலிமுகத்திடலில் நின்றால் சூரியன் பறவைக்குப் பின்னால் போய்விடும். இறகுகளின் விவரம் கிடைக்காது. காற்றும் முக்கியம். காற்றை எதிர்த்துப் பறக்கும் பறவைக்கு வேகம் குறையும். டிசம்பர் முதல் மார்ச் வரை காலையில் பெரும்பாலும் தரைக்காற்று கடல் பக்கம் வீசும். அப்போது ஆலாக்கள் கரையைப் பார்த்து மெதுவாக வரும், முகத்தில் வெயிலும் இருக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கட்டடங்களின் நிழல் விலகியதும் தொடங்குங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

சரி, கமரா. ஷட்டர் வேகம் 1/2000 நொடி. ஃபோகஸை, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் முறைக்கு மாற்றுங்கள்: நிக்கோன், சோனியில் ஏஎஃப்-சி, கெனனில் சேர்வோ. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

பலரும் தடுமாறுவது வெளிச்ச அளவில்தான். வானம் பின்னணியாக இருந்தால் தானியங்கிக் கமரா வெள்ளைப் பறவையைச் சாம்பலாக்கும். அதே பறவை இருண்ட அலைக்கு மேலே தாழ்ந்ததும் சிறகு வெளுத்து, இறகின் கோடுகளே காணாமற்போகும். பறவை மேல் விழும் வெயிலோ மாறவில்லை! அதனால் அளவுகளை நாமே வைக்கும் மேனுவலுக்குப் போங்கள். ஷட்டர் 1/2000, லென்ஸ் துவாரம் எஃப் 6.3, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று வைத்து ஒரு படம் எடுங்கள். அதிக வெளிச்சத்தைக் காட்டும் எச்சரிக்கையைத் திரையில் போட்டு, சிறகு மினுங்கத் தொடங்கும்வரை ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். மினுங்கியதும் ஒரு படி குறையுங்கள். வெயில் மாறாதவரை அதைத் தொட வேண்டாம்.

பெரிய கொண்டை ஆலாவுக்குக் கண்ணும் கறுப்பு, கொண்டையும் கறுப்பு. தாழ்ந்த காலை வெயில் கண்ணில் ஒரு புள்ளியாகப் பட்டால்தான் அது கண்ணென்றே தெரியும். தலை உங்கள் பக்கம் திரும்பும் நொடிக்குக் காத்திருங்கள்.

பறவை தூரத்தில் வரும்போதே ஃபோகஸ் பிடித்து, இடுப்பிலிருந்து திரும்பிப் பின்தொடருங்கள். அழுத்தி முடிந்த பிறகும் கமராவை உடனே நிறுத்தாதீர்கள்.

வீட்டில் திருத்தும்போது முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். அப்புறம் வெட்டுங்கள், அலகுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். கூர்மையைக் கூட்டுவதானால் பறவைக்கு மட்டும் கூட்டுங்கள், வானத்தில் மணல்மணலாகப் புள்ளிகள் வராது.

கமராவைப் பையில் வைக்க முன் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.