பேஸ்பால் லீக் வரலாறு: ‘முதல்’ என்று எழுதும் முன்

பேஸ்பால் லீக்குகள் பிறந்த கதையை எழுதும்போது பலரும் சறுக்குவது ‘முதல்’ என்ற சொல்லில்தான். எது முதல்? ஆட்டமா, அணியா, லீக்கா?

டபுள்டே கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1839-ல் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்பது, 1907-ல் ஒரு குழு ஒரு முதியவரின் கடிதத்தை நம்பிச் சொன்னது. 1839-ல் டபுள்டே வேறு ஊரில், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பேஸ்பாலின் புகழ்க்கூடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. கட்டடம் எழும்பிவிட்ட கதையை அப்புறம் யார் அசைப்பது?

அடுத்தது சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். 1869-ல் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி என்பது சரி. அதற்கு முன்பும் பணம் கைமாறியது, ரகசியமாக. ஹாரி ரைட் தலைமையில் அந்த ஆண்டு அவர்கள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனால் அது ஒரு கிளப், லீக் அல்ல. இன்றைய சின்சினாட்டி ரெட்ஸ் அதன் நேர் வாரிசும் அல்ல. 1870-க்குப் பிறகு சம்பளம் கட்டுப்படியாகாமல் அணி கலைந்தது. ஹாரி ரைட்டும் அவர் தம்பியும் அணியின் பெயரையும் சேர்த்தே பாஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாஸ்டன் கிளப்தான் மில்வாக்கி போய், இன்று அட்லாண்டா பிரேவ்ஸ்.

முதல் தொழில்முறை லீக் என்று 1876-ன் நேஷனல் லீக்கைச் சொல்வது இன்னொரு தவறு. இன்றுவரை நீடிப்பவற்றில் பழையது அதுதான். முதலாவது 1871-ல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன். பத்து டாலர் கட்டினால் எந்த அணியும் சேரலாம். நிலையான அட்டவணை கிடையாது; நஷ்டப்பட்ட அணிகள் பாதியில் நின்றுவிடும். 1872 முதல் 1875 வரை பாஸ்டனே வென்றது, மற்றவர்களுக்குச் சலித்திருக்கும்.

இரண்டின் முழுப் பெயர்களையும் பார்த்தால் வித்தியாசம் புரியும். முன்னது தொழில்முறை ‘ஆட்டக்காரர்களின்’ சங்கம். வில்லியம் ஹல்பர்ட் தொடங்கிய பின்னது தொழில்முறை ‘கிளப்களின்’ லீக். அதிகாரம் முதலாளிகள் கைக்குப் போனது. 1879-ல் ஒவ்வொரு கிளப்பும் ஐந்து ஆட்டக்காரர்களை வேறெங்கும் போகவிடாமல் தனக்கென்று வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். பிறகு அந்தக் கட்டு எல்லா ஆட்டக்காரர்கள் கழுத்திலும் விழுந்தது.

1880-ல் சின்சினாட்டியில் அப்போதிருந்த கிளப்பை, மைதானத்தில் பீர் விற்ற தகராறில் நேஷனல் லீக் வெளியேற்றியது. பீரையும் மலிவான 25 சென்ட் டிக்கெட்டையும் ஏற்ற அமெரிக்கன் அசோசியேஷன் என்ற புதிய லீக் 1882-ல் ஆடத் தொடங்கியது. அதில் ஆடிய சின்சினாட்டி அணியில்தான் இன்றைய ரெட்ஸின் வேர் இருக்கிறது.

மேஜர் லீக், அதாவது உச்ச நிலை லீக், என்று கணக்கிடப்படும் அந்த லீக்கில்தான் 1884-ல் டோலிடோ அணிக்காகக் கறுப்பினத்தவரான மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் ஆடினார். ஆகவே மேஜர் லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஜாக்கி ராபின்சன் என்று எழுதாதீர்கள். வாக்கருக்குப் பின் எழுதப்படாத ஓர் உடன்பாட்டால் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்ட கதவை, 1947-ல் திறந்தவர் ராபின்சன்.