வெக்டர் வரைகலையில் வடிவங்களைச் சேர்த்தலும் பிரித்தலும்: ஓர் இலையை வரைந்தபடி

படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கும் வெக்டர் மென்பொருளில் இரண்டு வடிவங்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கச் சொல்லும்போது, அது திரையில் தெரியும் நிறத்தையோ கோட்டின் தடிமனையோ கணக்கில் கொள்வதில்லை. உள்ளே இருக்கும் எல்லைக்கோடுகள், அதாவது பாதைகள், எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று கண்டறிந்து, வேண்டிய துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு புதிய பாதையை உருவாக்குகிறது. எதிர்பாராத விளைவுகள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையை மறப்பதால்தான் வருகின்றன. இதை ஓர் இலையை வரைந்தே பார்க்கலாம். படிகள் இங்க்ஸ்கேப் மென்பொருளுக்கானவை. அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, அதன் வெளிக்கோட்டை நீக்கி, நிறம் மட்டும் இருக்குமாறு செய்துகொள்ளவும். வெளிக்கோடு இருந்தால் அளவுப் பெட்டி அதன் தடிமனையும் சேர்த்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி வரைந்தால் அளவு பிசகும். வட்டத்தைக் கண்ட்ரோல், டி விசைகளால் நகலெடுத்து, நகலை 60 மி.மீ. வலப்புறம் நகர்த்தவும். இரண்டையும் தேர்ந்தெடுத்துப் பாத் பட்டியலில் உள்ள இன்டர்செக்‌ஷனை அழுத்தினால், இரு வட்டங்களுக்கும் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சும். 40 மி.மீ. அகலமும் 80 மி.மீ. உயரமும் உள்ள, இரு முனைகளும் கூரான இலை அது. நகர்த்தும் தொலைவைக் கூட்டினால் இலை ஒடுங்கும், குறைத்தால் பருக்கும்.

பூச்சி அரித்த ஓட்டை வேண்டுமென்றால் டிஃபரன்ஸ் பயன்படும். இதில் அடுக்கு வரிசையே எல்லாம்: கீழே இருக்கும் வடிவத்திலிருந்து மேலே இருக்கும் வடிவம் கழிக்கப்படும். பிறகு வரையப்பட்ட வடிவம் இயல்பாகவே மேலே அமர்வதால், இலையை வரைந்து முடித்த பிறகு சிறுவட்டத்தை வரைந்தால் ஓட்டை சரியாக விழும். வரிசை மாறி, இலைக்கு அடியில் வட்டம் இருந்துவிட்டால், வட்டத்திலிருந்து இலை கழிந்து எதுவும் மிஞ்சாது. பல ஓட்டைகள் தேவைப்பட்டால், சிறுவட்டங்களை எல்லாம் முதலில் யூனியன் மூலம் ஒரே பாதையாக்கிவிட்டு, ஒரே தடவையில் கழிப்பது நல்லது.

யூனியனில் நிறம் எதிலிருந்து வருகிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். இங்க்ஸ்கேப்பில் அடியில் உள்ள வடிவத்தின் நிறமும் பாணியும் முடிவுக்கு வந்து சேரும். இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டர் பலகத்தில் யுனைட் அழுத்தினால் மேலே உள்ளதன் நிறம் வரும். ஒன்றில் பழகி மற்றொன்றுக்கு மாறுபவர்களுக்கு இது எரிச்சலூட்டும்.

அடுத்து, இலையை நடுநரம்பின் வழியே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெளிர்பச்சையும் மறுபாதிக்குக் கரும்பச்சையும் தரலாம். கோடுகளும் வளைவுகளும் வரையும் பெசியர் கருவியால் இலையின் மேல்முனைக்குச் சற்று வெளியே தொடங்கி, கீழ்முனைக்குச் சற்று வெளியே முடியும் ஒரு கோட்டை இலையின் மீது வரையவும். கோடு இருபுறமும் எல்லையைத் தாண்டியே ஆக வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் வெட்டு முழுமையாகாது. இரண்டையும் தேர்ந்தெடுத்து டிவிஷன் கொடுத்தால், நிறம் நிரம்பிய இரண்டு தனித் துண்டுகள் கிடைக்கும். அருகிலேயே உள்ள கட் பாத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: கட் பாத் எல்லைக்கோட்டை மட்டும் துண்டாக்கி, நிறமில்லாத கோடுகளைத் தரும்.

பிரித்த பிறகு இரு பாதிகளுக்கும் இடையே மெல்லிய மயிரிழை போன்ற வெளிர்கோடு ஒன்று திரையில் தோன்றக்கூடும். துண்டுகள் விலகிவிடவில்லை. எல்லை ஒரு பிக்சலின் நடுவே ஓடும்போது ஒவ்வொரு துண்டும் அந்தப் பிக்சலைப் பகுதியளவே மூடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்த பிறகும் பின்புல நிறம் சிறிது கசிந்து தெரிகிறது. இதற்கு நான் விரும்பும் தீர்வு, டிவிஷனுக்கு முன்பே முழு இலையின் நகல் ஒன்றைக் கரும்பச்சையில் அடியில் வைத்துவிட்டு, பிரித்ததில் வெளிர்பச்சைப் பாதியை மட்டும் அதன் மேல் விடுவதுதான். வினைல் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் கோப்பில் மட்டும் இந்த உத்தி உதவாது. அங்கே ஒன்றன்மேல் ஒன்று படியும் பாதைகள் தனித்தனியே வெட்டப்படும் என்பதால், பிரித்த துண்டுகளையே அனுப்ப வேண்டும்.

காம்பைத் தடித்த கோடாக வரைந்து இலையுடன் யூனியன் செய்தால், தடிமன் காணாமல் போயிருக்கும். முன்பே சொன்னபடி, மென்பொருளுக்குத் தெரிவது கோட்டின் நடுவே ஓடும் பாதை மட்டுமே. எனவே ஸ்ட்ரோக் டு பாத் மூலம் தடிமனை உண்மையான வடிவமாக மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். எழுத்துகளுக்கும் இதே கதைதான்: ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்த பிறகு கிடைக்கும் குழுவைக் கலைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது பாதுகாப்பானது. காம்பு இலையின் முனையைத் தொட்டபடி மட்டும் இல்லாமல், ஓரளவு உள்ளே நுழைந்திருக்கட்டும். எல்லைகள் ஏறக்குறைய ஒட்டியிருக்கும் இடங்களில்தான் கணக்கீடு தடுமாறி, கண்ணுக்குத் தெரியாத ஊசித் துண்டுகளையும் தேவையற்ற கணுக்களையும் (பாதையில் உள்ள புள்ளிகளையும்) விட்டுச்செல்லும்.

கம்பைன் என்பதை யூனியன் என்று எண்ணுவோர் பலர். கம்பைன் எதையும் வெட்டுவதோ ஒட்டுவதோ இல்லை. பல பாதைகளை ஒரே பொருளின் உறுப்புகளாகக் கட்டிவைக்கிறது, அவ்வளவே. அவை மேற்பொருந்தும் இடம் நிறைந்து தெரிவதும் வெறுமையாகத் தெரிவதும் எந்தப் பகுதிக்கு நிறம் நிரப்புவது என்று தீர்மானிக்கும் நிரப்பு விதியைப் பொறுத்தது. அதை ஃபில் பலகத்தில் உள்ள இரு சிறு பொத்தான்களால் மாற்றலாம். இதைப் பிரிக்க பிரேக் அபார்ட் உண்டு. ஆனால் 'ம்' போன்ற எழுத்தில் அதைப் பயன்படுத்தினால் புள்ளி தனியே கழன்றுவிடும். 'ஒ' போன்ற எழுத்தில் உள்வெளியும் (எழுத்தின் உள்ளே உள்ள வெற்றிடமும்) நிறம் நிரம்பிய தனி வடிவமாகிவிடும். உள்வெளியைக் காக்க ஸ்ப்ளிட் பாத் பொருத்தமானது.

துண்டுகள் நிறைய இருந்தால், ஒவ்வொரு கட்டளையாகக் கொடுப்பதைவிட ஷேப் பில்டர் எளிது. இல்லஸ்ட்ரேட்டரில் 2010-இல் வெளியான சிஎஸ்5 முதலும், இங்க்ஸ்கேப்பில் 2023-இல் வந்த 1.3 முதலும் இது உள்ளது. மேற்பொருந்தும் வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, சேர வேண்டிய பகுதிகளின் மீது சுட்டியை இழுத்தால் அவை ஒன்றாகும். வேண்டாத பகுதியை நீக்க இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்டையும் இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டு சொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டளைகள் அனைத்தும் மூல வடிவங்களை அழித்துவிடுபவை. கோப்பை மூடிவிட்டால் அன்டூவும் கைகொடுக்காது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் மூல வட்டங்களின் நகலை மறைத்துவைத்த ஒரு லேயரில் போட்டுவைக்கவும். இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் முதல் வரிசைப் பொத்தான்களை ஆல்ட்டுடன் அழுத்தினால், பின்னர் மாற்றக்கூடிய கூட்டு வடிவமாகவே அது நிற்கும். இங்க்ஸ்கேப்பில் பாத் எஃபெக்ட்ஸில் உள்ள பூலியன் ஆபரேஷன் அதே வேலையைச் செய்யும்.