ஆட்டோ பின் டயரை நாமே கழற்றி மாட்டுவது எப்படி?

பஞ்சர் கடை இருக்கும்போது நாம் ஏன் ஸ்பேனரைத் தொட வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு ஐப்பசி மழை ராத்திரி, கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. கடையெல்லாம் சாத்தியாச்சு. அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

வேண்டியவை: ஜாக்கி, வீல் ஸ்பேனர், வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி) கழற்றும் சாவி, இரண்டு செங்கல். புது ட்யூப் வாங்குவதானால் டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைப் பாருங்கள். நம்மூர் ஆட்டோக்களில் பெரும்பாலும் 4.00-8 இருக்கும், அந்த 8 ரிம்மின் அங்குலக் கணக்கு.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். கியரில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் இருப்பதால், ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதுமே மற்றது தாராளமாக உருளும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை (சக்கரத்தைப் பிரேக் டிரம்மோடு பிடிக்கிறவற்றை மட்டும்) அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியை உறுதியான சட்டத்துக்கு அடியில் வைத்துத் தூக்குங்கள்; தகரத்துக்கு அடியில் வைத்தால் நசுங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நுழைக்க வேண்டாம்.

இப்போதுதான் கவனம் தேவை. ஆட்டோ ரிம் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக இருக்கும். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கிற நட்டுகள் வேறு, அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகள் வேறு. ட்யூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும். எது எது என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டு, சேர்ப்பு நட்டுகளில் பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள். நான் சிவப்பு வைத்திருக்கிறேன்.

சக்கரத்தை வெளியே எடுத்ததும் வால்வு பின்னைக் கழற்றி, டயரை மிதித்து, காற்று சுத்தமாகப் போனதா பாருங்கள். போன பிறகுதான் ரிம்மைப் பிரிக்க வேண்டும். டயர் உள்புறத்தைத் துணியால் தடவுங்கள். ஆணி இருந்தால் துணி மாட்டும். வெறும் கையால் தடவினால் கை மாட்டும். மழைக்காலத்துக்குப் பிறகு ரிம் உள்ளே துருப் பிடித்திருக்கும். அதை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் புது ட்யூபும் சீக்கிரமே கிழியும்.

கையோடு பிரேக் டிரம் பக்கமும் ஒரு பார்வை. ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது மெக்கானிக் வேலை. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள்.

ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து உருண்டையாக்கி டயருக்குள் வையுங்கள். தொளதொளவென்று வைத்தால் ரிம் பாதிகளுக்கு நடுவில் கடிபடும். வால்வு நேராக நிற்கட்டும். சேர்ப்பு நட்டுகளை இறுக்கிய பிறகே மீதிக் காற்று. சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் வண்டியை இறக்கிய பிறகு. ஸ்பேனர் மேல் ஏறிக் குதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மரைதான் போகும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

காற்றின் அளவு வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். காலையில் முதல் சவாரிக்கு முன் பாருங்கள். கத்திரி வெயிலில் மவுண்ட் ரோடு சுற்றிவிட்டுப் பார்த்தால் கூடுதலாகவே காட்டும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. என் வண்டி டயரில் ஓரம்தான் தேய்ந்திருந்தது.