பணம் கொடுத்தால் மட்டும் உரிமை வந்துவிடாது: ஒப்பந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டுவதுண்டு. நாங்கள் ஆரம்பத்தில் விட்ட அதே ஓட்டைகள் அதில் அப்படியே இருக்கின்றன. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

"முழுப் பணமும் கொடுத்தாச்சு, அப்போ நம்முடையதுதான்"

இதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஓசூர் சிப்காட்டில் ஒரு பட்டறைக்காரர், ஸ்டாக்கையும் ஜாப் ஒர்க்கையும் கணக்கு வைக்க வெளியாள் ஒருவரிடம் சாஃப்ட்வேர் எழுதி வாங்கினார், பணத்தைப் பாக்கி இல்லாமல் கொடுத்தார், பில்லும் இருக்கிறது. நன்றாக ஓடியதால் பக்கத்துப் பட்டறைக்கும் விற்கலாம் என்று கிளம்பியபோது, எழுதியவர் "புரோகிராம் கோடு என்னுடையது" என்று நிறுத்திவிட்டார். சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சம்பள ஊழியர் தன் வேலையாக எழுதியது, வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதிய சாஃப்ட்வேருக்கு முதல் உரிமையாளர் அவரேதான். அது கைமாற வேண்டுமென்றால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், உரிமையைக் கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பில்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, எழுதி வாங்கியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களும் பாதியில்தான் நிற்கிறார்கள். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதுவும் போய்விடும். இந்த மூன்றையும் எழுதுங்கள். கையெழுத்தையும் சோர்ஸ் கோடையும் (அவர் எழுதிய மூல புரோகிராம்) கடைசித் தவணைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பணம் போனபின் யாரும் போனை எடுப்பதில்லை.

பிராண்ட் யார் பெயரில்?

மாங்கூழ் தொழிலில் இதை நிறையப் பார்க்கிறேன். கூட்டாளிகளில் ஒருவர் டிரேட்மார்க்கைத் தன் சொந்தப் பெயரில் பதிந்துவிடுகிறார், நல்ல எண்ணத்தில்தான். அப்புறம் பிரியும்போது டின்னில் இருக்கும் பெயர் அவரோடு போகிறது. சிறு நிறுவனம் ஆன்லைனில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்க, ஒரு சரக்கு வகைக்கு (class) கட்டணம் 4,500 ரூபாய்தான், நிறுவனத்தின் பெயரிலேயே போடுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம்

படியுங்கள். நீங்கள் திருத்திய டிராயிங்கும் ஃபிக்சரும் (வேலைப் பொருளைப் பிடித்துவைக்கும் சாதனம்) ஆர்டர் கொடுத்து வாங்குபவருக்கே சொந்தம் என்று அங்கேதான் இருக்கும்.

கூட்டுக் காப்புரிமை

ஒரு கண்டுபிடிப்பின் காப்புரிமை உங்கள் பெயரிலும் இன்னொருவர் பெயரிலும் சேர்ந்து இருந்தால், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மற்றவர் சம்மதம் இல்லாமல் உங்கள் பங்கை விற்கவோ லைசென்ஸ் கொடுக்கவோ முடியாது. அந்தச் சம்மதத்தை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.