விமானித் தம்பி லீவில் வந்தால்

என் தம்பி வளைகுடாவில் துணை விமானி. வருடத்துக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வருவான். முதல் இரண்டு வருடமும் நாங்கள் அவனைப் படுத்திய பாட்டை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு விமானி இருந்தால் இதை வாசித்து வையுங்கள்.

முதலில் நித்திரை. கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தவனை விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு எழுப்பாதீர்கள். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரைதான் மனித உடம்பு மிகவும் சோர்ந்து கிடக்கும் நேரம். வளைகுடாவிலிருந்து ஏராளமான விமானங்கள் கிளம்புவதும் அப்போதுதான். ஒரு நாள் பகல், அடுத்த நாள் நடுச்சாமம் என்று மாறி மாறிப் பறப்பவனுக்கு, லீவு வந்தாலும் நித்திரை உடனே வராது. நான் அவனுடைய அறை யன்னலில் பழைய போர்வை ஒன்றை ஆணியடித்து மாட்டினேன். கோயில் ஒலிபெருக்கியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வா என்று நச்சரிக்கவும் வேண்டாம், எந்த நாள் பறப்பது என்ற ரோஸ்டர் அவன் கையில் இல்லை.

தடிமன் பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். பார்மசிக் குளிசையைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதில் பலது நித்திரையாக்கும், போட்டுவிட்டுப் பறக்க முடியாது. மூக்கடைப்போடு பறந்தால் விமானம் இறங்கும்போது காது வெடிப்பது போல வலிக்குமாம்.

அடுத்தது, அவன் சொல்லாத விஷயம். போன முறை விடிய மூன்று மணிக்குக் குசினியில் லைட் எரிந்தது. நான் போய், ஒன்றும் கேட்காமல், புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்து அவனாகவே சொன்னான்: "அக்கா, மனசு சரியில்லையெண்டு டொக்டரிட்டச் சொன்னா மெடிக்கல் போயிடும். பேந்து கடனை ஆர் கட்டுறது?"

அந்த உடல்தகுதிச் சான்றிதழ் இல்லையென்றால் பறக்க முடியாது, சம்பளமும் நிற்கும். அவனுடைய பயிற்சிக்காக அம்மாவின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கொருமுறை சிமுலேட்டர் என்ற மாதிரி விமானத்தில் பரீட்சை வேறு. இந்த நிலையில் யார்தான் வாய் திறப்பார்கள்?

"உனக்கென்னடா குறை, கைநிறையச் சம்பளம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா அப்படிச் சொன்னார், அன்று முழுக்கத் தம்பி வாயே திறக்கவில்லை. 2015 மார்ச்சில் பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில் 150 பேர் இருந்த விமானத்தை வேண்டுமென்றே மோதிய துணை விமானி, தன் மனநோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தவர். அதற்குப் பிறகு ஐரோப்பாவில், சக விமானிகளிடமே இரகசியமாகப் பேசி உதவி பெறும் ஏற்பாட்டை விமான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் பிள்ளையின் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து எடுத்தால் வேலை முடிந்தது என்பதும் எல்லா இடத்திலும் சரியில்லை. அமெரிக்காவில் 2010 முதல் சில மனச்சோர்வு மருந்துகளோடு சிறப்பு அனுமதி பெற்றுப் பறக்கலாம். இதைத் தம்பிக்குச் சொன்னபோது, "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். தேடி வாசித்தேன், வேறென்ன.

சொந்தக்காரர் முன்னால் மட்டும் இந்தக் கதையை எடுக்காதீர்கள்.

கடைசியாக, திரும்புகிற நாளுக்கு முதல் நாள் மச்சான்மார் கள்ளுப் போத்தலோடு வந்தால் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்புங்கள். பழி என்மேல் இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.