பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் ரோபோ பயிற்சித் தளம்

தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோவுக்குப் பயிற்சித் தளம் செய்ய, பயன்படுத்திய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றே போதும். அச்சில்லாத வெள்ளைப் பக்கம் மேலே வரட்டும்; 4 அடிக்கு 8 அடி இருந்தால் தாராளம். சுருட்டி வைத்த பேனரின் ஓரம் தூக்கி நிற்கும், சக்கரம் அதில் இடறும். எதிர்த்திசையில் சுருட்டி ஓர் இரவு வைத்துவிட்டு விரியுங்கள்.

கோட்டுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப், ஏறத்தாழ 18 மி.மீ. அகலம். நேர்கோடு எளிது. சிக்கல் வளைவில்தான்: டேப்பை இழுத்து வளைத்தால் அது மெல்லச் சுருங்கி ஓரம் பெயர்ந்துவிடும். முதலில் பென்சிலால் வளைவை வரைந்துகொண்டு, டேப்பை 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டுங்கள். பொறுமை வேண்டிய வேலை. மாணவர்கள் இருவராகச் செய்தால் நல்லது.

மார்க்கர் கோடு வேண்டாம். ரோபோவின் அடியில் உள்ள சென்சார், அகச்சிவப்பு ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்தே கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிகிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மைகள் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். சென்சாருக்குக் கோடே தெரியாது. டேப்பையும் ஒட்டும் முன் ஒரு துண்டு வைத்துச் சோதியுங்கள். கறுப்பிலும் வெள்ளையிலும் சென்சார் காட்டும் மதிப்பைக் குறித்து, இரண்டுக்கும் நடுவான எண்ணை, கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கும் வரம்பாக நிரலில் கொடுங்கள். ஜன்னல் வெயிலில் எடுத்த வரம்பு மாலையில் எடுபடாது, திரும்ப அளக்க வேண்டும்.